கை கால் வந்துருமா?

வணக்கம் நேயர்களே. ஸ்கேன் படம் பார்த்து முடிவு சொல்வது என் வேலை. மூளையில் ரத்தக்கசிவு என்று ஒருவரைக் கொண்டுவந்தால், நான் அறையை விட்டு வெளியே வருவதற்குள் வாசலில் ஒரு கேள்வி நின்றுகொண்டிருக்கும்: "டாக்டர், அப்பாவுக்குக் கை கால் வந்துருமா?"

சி.டி. படத்தில் உறைந்த ரத்தம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அதன் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கிப் பாதியாக்குவோம். ஐந்து, நான்கு, மூன்று என்றால் 60. அதில் பாதி 30 மில்லி. இருமல் டானிக்கோடு வரும் 10 மில்லி மூடியால் மூன்று மூடி, அவ்வளவுதான்.

அந்த 30 மில்லியோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு புள்ளி; புள்ளி கூடக் கூட உயிருக்கு ஆபத்து அதிகம். சான் பிரான்சிஸ்கோவில் ஹெம்ப்ஹில் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் 152 நோயாளிகளை வைத்து 2001-ல் வெளியிட்ட கணக்கு இது. ரத்தம் மூளையின் நீர் அறைகளுக்குள் இறங்கியிருந்தால் ஒன்று, சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ கசிந்திருந்தால் ஒன்று, வயது 80 ஆகியிருந்தால் ஒன்று. நினைவு மங்கிய அளவைப் பார்த்து இரண்டு வரை. மொத்தம் மூன்று புள்ளி வந்தவர்களில் 72 சதவீதம் பேர் ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார்கள்.

ஆனால் இது உயிருக்கான கணக்கு. வாசலில் நிற்பவர் கேட்டது கை காலைப் பற்றி. அதற்கு அளவை விட இடத்தைத்தான் முதலில் பார்ப்பேன். கை காலை அசைக்கச் சொல்லும் நரம்பிழைகள் மூளையின் ஆழத்தில் ஒரு குறுகலான இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இறங்குகின்றன. அங்கே ஒரு மூடி ரத்தம் போதும், ஒரு பக்கம் விழுந்துவிடும். மேற்பரப்பை ஒட்டி அதைவிடப் பெரிய ரத்தக்கட்டி இருந்தும், எழுந்து நடப்பவர்கள் உண்டு.

இன்னொன்று, கசிவு நின்றுவிட்டதா என்பது. சாயம் ஏற்றி எடுத்த படத்தில் கட்டிக்குள் சின்னதாய் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னினால், குழாய் இன்னும் ஒழுகுகிறது என்று பொருள். ஸ்பாட் சைன் என்போம். சாயம் இல்லாத படத்திலேயே வெள்ளைக்குள் கருத்த சுழிகள் தெரிந்தால், உறையாத புது ரத்தம் இருக்கலாம் என்று சந்தேகப்படுவோம்.

எங்கள் தரப்புக் குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்த உயிர்க் கணக்கில் புள்ளி அதிகம் என்று முதல் நாளே கையை விரித்தால், சிகிச்சை குறையும், நோயாளி இறப்பார், கணக்கும் பலித்ததாகிவிடும். அதனால்தான் முன்கூட்டியே வேண்டாம் என்று நோயாளி எழுதி வைத்திருந்தாலொழிய, இரண்டாவது முழு நாள் வரையாவது முழுச் சிகிச்சையும் தரலாம் என்கிறது 2022-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல்.

எனவே வாசலில் நிற்பவரிடம் நானும் திருப்பிக் கேட்பேன். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா? இதற்கு முன் ஞாபக மறதி இருந்ததா? இந்த மூன்றும் என் படத்தில் இல்லை.