தொலைபேசியில் ஓடுகிறது, மடிக்கணினியில் நிற்கிறது: லினக்ஸில் வைஃபை வேகம்

வணக்கம். இன்று முதலில் பொகவந்தலாவையிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பிய கேள்வி. மலையகத் தோட்டத்து லயன் வீட்டின் முன்னறை ஜன்னலில் சிம் போடும் ரவுட்டரை வைத்திருக்கிறார்கள். பின்னறையில் உட்கார்ந்தால் தொலைபேசியில் வகுப்புக் காணொளி தடையில்லாமல் ஓடுகிறது. அதே இடத்தில், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் போட்ட பழைய மடிக்கணினியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. விண்டோஸுக்கே திரும்பிவிடட்டுமா என்று கேட்கிறார்.

பொறுங்கள் தங்கச்சி, அவசரப்பட வேண்டாம். பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒரே அறை, ஒரே ரவுட்டர், தொலைபேசி மட்டும் ஓடுகிறது. அப்படியானால் தொலைபேசிக் கோபுரத்தின் மீதும் மூடுபனியின் மீதும் பழி இல்லை. நம் பக்கத்தில் எது மெதுவானாலும் மலையைத்தான் காரணம் சொல்வோம். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் இணையம் இரண்டு பாதைகளைக் கடந்து உங்களிடம் வருகிறது: கோபுரத்திலிருந்து ரவுட்டர் வரை ஒன்று, ரவுட்டரிலிருந்து மடிக்கணினி வரை இன்னொன்று. உங்களுக்குச் சிக்கல் இரண்டாவதில். எதையும் மாற்றுவதற்கு முன் அதை அளந்து பார்த்துவிடுவோம்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்து ரவுட்டரின் முகவரிக்கு பிங் கொடுங்கள். பிங் என்றால் ஒரு சிறு செய்தி அனுப்பி, விடை வர எவ்வளவு நேரம் என்று அளப்பது. முகவரி தெரியாவிட்டால் 'ஐபி ரூட்' என்ற கட்டளையில் முதல் வரியிலேயே இருக்கும். திரையில் எழுத்து எழுத்தாகக் காட்டுகிறேன். பக்கத்து அறை ரவுட்டர் என்றால் விடை சில மில்லிசெக்கன்களில் வர வேண்டும், சீராகவும் வர வேண்டும். 3, 95, 4, 180 என்று துள்ளினால் பெரும்பாலும் மின்சேமிப்புதான் காரணம். ரவுட்டர் ஏறத்தாழ 102 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை 'உனக்குப் பொதி வந்திருக்கிறது' என்று அறிவிக்கும். பொதி என்றால் தரவின் ஒரு சிறு துண்டு. மின்சேமிப்பு இயங்கும்போது வைஃபை அட்டை இடையில் தூங்கிவிடுகிறது, பொதிகள் ரவுட்டரிலேயே காத்துக் கிடக்கின்றன. வைஃபையைக் கையாளும் 'ஐடபிள்யூ' கட்டளையால் மின்சேமிப்பை உடனே அணைத்துப் பார்க்கலாம். பிங் சீரானால், இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரின் கோப்பில் 'வைஃபை பவர்சேவ்' என்ற வரியில் 3 (மின்சேமிப்பு உண்டு) இருப்பதை 2 (இல்லை) ஆக மாற்றிவிடுங்கள். அடுத்த முறை கணினியைத் திறக்கும்போதும் அது நிலைக்கும். மின்கலம் சற்று விரைவாகத் தீரும், அவ்வளவுதான்.

பிங் துள்ளாமல், மொத்தமாகவே மந்தமாக இருந்தால் சிக்னல் எண்ணைப் பாருங்கள். அதே ஐடபிள்யூ கட்டளையில் 'லிங்க்' என்று கேட்டால் கழித்தல் குறியோடு ஓர் எண் வரும். கழித்தல் 50 நல்லது, 67 வரை சமாளிக்கலாம், 80 என்றால் வகுப்பு ஓடாது. கழித்தல் 50, கழித்தல் 60 என்று ஒவ்வொரு 10 குறையும்போதும் வந்து சேரும் வலு பத்தில் ஒரு பங்காகிறது. மடிக்கணினியை ரவுட்டருக்கு அருகில், ஒரு கை தூரத்தில் வைத்தும் 75, 80 என்றே காட்டுகிறதா? அப்படியானால் சுவரை விட்டுவிட்டு மடிக்கணினிக்குள்ளே தேட வேண்டும்.

தலவாக்கலையில் ஒரு மாணவனின் மடிக்கணினியை இதற்காகவே திறந்து பார்த்திருக்கிறேன். அடிப்பக்க மூடியைக் கழற்றினால், தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு பச்சை அட்டை. அதன் ஓரத்தில் குண்டூசித் தலை போலப் பொன்னிற முனைகள் இரண்டு. ஒன்றில் மெல்லிய கறுப்புக் கம்பி மாட்டியிருந்தது. அது கீல் வழியாக ஏறித் திரையைச் சுற்றிப் போகிறது, அதுதான் ஆன்டெனா. மற்ற முனை வெறுமையாக இருந்தது. தயாரித்தவர்கள் செலவைக் குறைக்க ஒரு கம்பியோடு நிறுத்திக்கொண்டார்கள். அட்டையை இயக்கும் மென்பொருளான லினக்ஸின் டிரைவரோ வெறும் முனையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. பாவம், அந்தப் பிள்ளை ஒரு தவணை முழுவதும் ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்றபடியே படித்திருக்கிறான்.

ரியல்டெக் 8723பிஇ என்ற வைஃபை சில்லில் இது பலருக்கும் வந்த கோளாறு. உங்களுடையது எது என்பதை 'எல்எஸ்பிசிஐ' கட்டளை சொல்லும். அதுவேதான் என்றால் எதையும் கழற்ற வேண்டாம். டிரைவர்களுக்கான அமைப்புகள் இருக்கும் மோட்ப்ரோப் கோப்புறைக்குள் ஒரே வரியுள்ள சிறு கோப்பு ஒன்றை எழுதி, எந்த ஆன்டெனா முனை என்பதைச் சொல்லும் 'ஆன்ட் செல்' என்பதற்கு 1 கொடுத்து, கணினியை மீண்டும் தொடங்குங்கள். சிக்னல் எண் ஏறாவிட்டால் 2 கொடுங்கள். அந்த மாணவனுக்கு 2தான் பொருந்தியது. கழித்தல் 78இல் இருந்த எண் கழித்தல் 44க்கு ஏறியது.

இன்னொன்று. இந்தச் சில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே பேசும், புளூடூத்தும் அதிலேயே இருக்கிறது. வகுப்பைப் புளூடூத் ஹெட்செட்டில் கேட்டால் இரண்டும் ஒரே அலைவரிசைக்குப் போட்டியிடும். கம்பி உள்ள ஹெட்செட் போட்டு ஒருமுறை சோதியுங்கள்.

வேறு சில் என்றால், ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பெயரில் இணைந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பழைய லயன்களின் கருங்கல் சுவர் அந்த அலையை வெகுவாக விழுங்கிவிடும். பின்னறையில் 2.4தான் கைகொடுக்கும்.

இத்தனையும் செய்து பலன் இல்லாவிட்டால், சில்லின் பெயர், ரவுட்டர் அருகிலும் பின்னறையிலும் எடுத்த சிக்னல் எண்கள், பிங்கின் பத்து வரிகள், இவற்றைக் கீழே எழுதுங்கள் தங்கச்சி. அடுத்த காணொளியில் உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம்.