பென்சில் ஒளித்து வைத்த மரங்கள்

நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்கக் கவிஞர் மேரி ஆலிவருக்குக் காட்டில் நடக்கும்போதுதான் கவிதை வரும். ஒருமுறை எழுதத் தோன்றிய நேரத்தில் கையில் பேனா இல்லை. அப்புறம் அங்கிருந்த மரங்களிலேயே பென்சில்களை ஒளித்து வைத்துவிட்டார். 1984-இல் புலிட்சர் பரிசு பெற்றவர் அவர். எனக்கு அந்தப் பரிசைவிடப் பென்சில்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. கண்ணில் பட்டது வீடு வந்து சேர்வதற்குள் மங்கிவிடும் என்பதை அறிந்தவர் செய்த காரியம் அது.

இன்று மழை, நிலா, பறவை என்று நிறைய எழுதுகிறோம். சரி, எந்தப் பறவை? பல கவிதைகளில் பதில் இருக்காது. கபிலரைப் பாருங்கள். குறிஞ்சிப்பாட்டு மொத்தமே 261 அடிதான். அதற்குள் காந்தள், ஆம்பல், அனிச்சம் என்று தொடங்கி 99 பூக்களைப் பெயர் சொல்லி வைக்கிறார். மழை கழுவிவிட்ட அகன்ற பாறையில் பெண்கள் அவற்றைக் குவிக்கிறார்கள். பட்டியல்தானே என்று இளவயதில் தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு பெயரிலும் ஒருவர் குனிந்து பார்த்த நேரம் தெரிகிறது.

பார்த்தால் மட்டும் போதுமா? பார்த்ததைச் சொல்லிவிட்டு ஒதுங்கவும் தெரிய வேண்டும். சங்கப் புலவர்கள் இதைச் செய்தார்கள்; தொல்காப்பியம் இதை உள்ளுறை என்கிறது. மேலே பூவும் வண்டும் இருக்கும்; மனிதரின் துயரம் உள்ளே இருக்கும். நவீனக் கவிஞர் பிரமிளின் ‘காவியம்’ என்ற கவிதை சில வரிகள்தான். சிறகைவிட்டுப் பிரிந்த ஓர் இறகு காற்றில் போகிறது, அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு பறவையின் மொத்த வாழ்வும் இருக்கிறது. பறவை இறந்ததா, எங்கே போனது? பிரமிள் வாய் திறப்பதில்லை. நாம்தான் அந்த வரிகளோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அம்மா இறந்த பிறகு, மழை விட்டும் கிளையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த நீரைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். கடைசி இரண்டு வரிகளில், அது என் துக்கம் என்று விளக்கியிருந்தேன். ஒரு நண்பர் படித்துவிட்டு, எதுவும் சொல்லாமல் அந்த இரண்டு வரிகளையும் விரலால் மறைத்துக் காட்டினார். மேலே, கிளை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.