குமிழ்களின் ஆயுள்

நேயர்களுக்கு வணக்கம்.

மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் இசைக்கருவியான சின்தசைசர் என்றாலே அதன் ஒலியைப் பற்றித்தான் பேச்சு வரும். நான் இன்று பேச வந்தது அதன் முகப்பில் இருக்கும் குமிழ்கள், ஸ்லைடர்கள், பொத்தான்களைப் பற்றி. ஒலியை உருவாக்கும் சுற்றுகள் நன்றாக இருக்கும்போதே இவை தளர்ந்துவிடுவது உண்டு. தினமும் விரல் படும் இடம் அல்லவா?

பழைய வானொலிப் பெட்டியில் வால்யூமைத் திருகும்போது கரகரவென்று கேட்குமே, அதே கோளாறுதான் இங்கேயும். குமிழுக்கு அடியில், திருகத் திருக மின்தடையை மாற்றும் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கிறது. அதற்குள் கார்பன் பூசிய ஒரு தடம். அதன்மேல் உரசியபடி நகரும் உலோக நாக்கு. போகப்போகத் தூசி சேரும், உலோகம் கறுக்கும், தடமும் தேயும். சாதாரண ரகத்துக்கு 10,000 சுற்று என்ற அளவில்தான் ஆயுள் குறிப்பிடுவார்கள். ஒலியின் தன்மையை மாற்றும் ஃபில்டர் குமிழை ஓயாமல் திருகி வாசிப்பவருக்கு அது பெரிய எண்ணிக்கை இல்லை.

தேய்மானத்தைவிட என்னை உறுத்துவது பொருத்தும் முறை. பொட்டென்ஷியோமீட்டரின் கழுத்தில் நட்டு போட்டு உலோக முகப்போடு இறுக்கியிருந்தால், கை இடித்தாலும் அந்த வேகத்தை முகப்பு தாங்கிக்கொள்ளும். நட்டு இல்லாமல் உள்ளே இருக்கும் சுற்றுப் பலகையில் மட்டும் நிற்க வைத்தால் ஒவ்வொரு இடியும் சால்டர் இணைப்பில், அதாவது ஈயப் பற்றில், போய் விழும். அங்கே மெல்லிய விரிசல் விட்டால் போதும், ஒலி விட்டுவிட்டு வரும். சில ரூபாய் நட்டை மிச்சம் பிடிப்பது எனக்குச் சரியாகவே படவில்லை.

1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ் 7 சின்தசைசர் வேறு வழியில் போனது. ஒலியை மாற்றத் தனித்தனிக் குமிழ்கள் கிடையாது. தட்டையான சவ்வுப் பொத்தான்களும் மதிப்பை மாற்ற ஒரு ஸ்லைடரும்தான். சவ்வுக்குள் தூசி எளிதில் புகாது. ஆனால் பொத்தான் அழுந்தியதா என்று விரலுக்குத் தெரியாது. பின்னால் வந்த டிஎக்ஸ் 7 II-இல் நிஜப் பொத்தான்களே வந்துவிட்டன. 1984-இல் வந்த ரோலண்ட் ஜூனோ 106-இல் நிறைய ஸ்லைடர்கள். வாசிக்க அவ்வளவு இதம்! ஆனால் மேலே திறந்த பிளவு என்பதால் தூசி நேராக உள்ளே இறங்கும்.

எல்லையில்லாமல் சுற்றி, திருகலை எண்ணாக மாற்றும் என்கோடர் குமிழ்களில் கரகரப்பு கேட்காது. உள்ளே அழுக்கு சேர்ந்தால், முன்னால் திருகும்போது எண் பின்னால் தாவும்.

சரி, கரகரத்தால் என்ன செய்வது? கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயைத் தயவுசெய்து அடிக்காதீர்கள். அதன் எண்ணெய்ப் படிவு மறுபடியும் தூசியைப் பிடிக்கும். பிளாஸ்டிக்குக்கும் கார்பனுக்கும் தீங்கு செய்யாத கான்டாக்ட் கிளீனரை, அதாவது மின் தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரேயை, வாங்குங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கொஞ்சமாக அடித்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் பலமுறை நகர்த்துங்கள். நன்றாக உலர்ந்த பிறகே மின்சாரம் கொடுங்கள். தடமே தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

பழைய கருவி வாங்கப் போகிறவர்கள் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்தபடி ஒவ்வொரு குமிழையும் மெதுவாக, முழுத் தூரமும் திருகிப் பாருங்கள். அப்புறம் குமிழைப் பக்கவாட்டில் லேசாக அசையுங்கள். ஒலி அறுந்தால், விலை பேசும் முன் பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.