எது முந்தி, எது பிந்தி?

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

"நீங்கள் இரட்சிக்கப்பட்டவரா?" என்று இந்த மண்டபத்தில் கேட்டால் ஏறக்குறைய எல்லாக் கையும் உயரும். "எப்போது?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள், அங்கேதான் சிக்கல் தொடங்கும். ஒருவர் தேதி சொல்வார். இன்னொருவர் மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைப் போல மணியையும் சேர்த்துச் சொல்வார்: 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெரு, இரவு ஒன்பதாகக் கால் மணி நேரம் இருந்தபோது. "என் தாய் என்னைக் கைக்குழந்தையாகக் கோவிலுக்குத் தூக்கிக்கொண்டுபோன அன்றைக்கே" என்பார் ஒரு லுத்தரன் பெரியவர். "உலகத்தோற்றத்துக்கு முன்னே" என்று எபேசியர் 1:4-ஐத் திறந்து காட்டுவார் கால்வினின் வழிவந்த சீர்திருத்தச் சபைக்காரர்.

இவர்கள் நால்வரும் யோவான் 3-ஆம் அதிகாரத்தை ஒப்புக்கொள்கிறவர்கள். மறுபடியும் பிறக்கவேண்டும் என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. அப்படியிருக்க ஏன் இத்தனை உபதேசம், இத்தனை சபை? "நாங்கள் வேதத்தை நம்புகிறோம், அவர்கள் நம்பவில்லை" என்று எல்லாத் தரப்பிலும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அது சோம்பேறிப் பதில். என் கணிப்பு வேறு. விசுவாசம், மறுபிறப்பு, தண்ணீர், ஆவியின் நிறைவு, பரிசுத்த வாழ்வு ஆகிய ஐந்தும் எல்லாரிடமும் இருக்கின்றன. எது முந்தி, எது பிந்தி, எதனால் எது வருகிறது என்பதில்தான் சபைகள் பிரிகின்றன. சண்டையில் முக்கால்வாசி வரிசைச் சண்டை.

அப்போஸ்தலருடைய நடபடிகளை எடுங்கள். 2:38-ல் பேதுரு சொல்லும் வரிசை: மனந்திரும்புதல், ஞானஸ்நானம், பிறகு பரிசுத்த ஆவியின் வரம். 8-ஆம் அதிகாரத்துச் சமாரியாவில் விசுவாசித்தார்கள், தண்ணீரில் ஞானஸ்நானமும் பெற்றார்கள், ஆனால் ஆவி இறங்கவில்லை. எருசலேமிலிருந்து பேதுருவும் யோவானும் வந்து கைகளை வைத்த பிறகே பெற்றார்கள். 10-ஆம் அதிகாரத்துக் கொர்நேலியு வீட்டில் எல்லாம் தலைகீழ். பேதுரு பேசிக்கொண்டிருக்கும்போதே ஆவி இறங்கிவிட்டது, அந்நியபாஷைகளும் பேசினார்கள், தண்ணீர் கடைசியில்தான் வந்தது. 19-ஆம் அதிகாரத்து எபேசுவில் ஏறக்குறையப் பன்னிரண்டு பேர். அவர்களுக்குத் தண்ணீர், கை வைத்தல், ஆவி, பாஷை, தீர்க்கதரிசனம் என்று ஒரே இடத்தில் நடந்து முடிகிறது.

ஒரே புத்தகத்தில் நான்கு விதமான வரிசை. ஒவ்வொரு சபையும் இதில் ஒன்றை விதியாகவும் மற்ற மூன்றையும் விதிவிலக்காகவும் எடுத்துக்கொண்டது. சமாரியாவை விதியாக்கினால் பெந்தெகொஸ்தே. கொர்நேலியுவை விதியாக்கினால் பாப்டிஸ்ட்டுகளும் பிரதரன் சபையாரும் சொல்லும் "விசுவாசித்த கணத்திலேயே ஆவி" என்ற போதனை. 2:38-ஐ எழுத்துக்கு எழுத்து விதியாக்கி, "இயேசுகிறிஸ்துவின் நாமத்தினாலே" என்பதையே ஞானஸ்நான வாய்பாடாகக் கொண்டால், நம் ஊரில் 'இயேசு மாத்திரம்' என்று அழைக்கப்படும் கூட்டத்தார். நடந்ததைச் சொல்லும் வசனம் எது, நடக்கவேண்டியதைக் கட்டளையிடும் வசனம் எது என்று பிரிக்காமல் வாதத்தில் இறங்குவதுதான் இங்கே எல்லாரும் செய்யும் முதல் பிழை.

இனி தண்ணீருக்கு வருவோம். "ஒருவன் ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறவாவிட்டால்" என்கிறது யோவான் 3:5. லுத்தரன் இதை ஞானஸ்நானத் தண்ணீர் என்று வாசிக்கிறார். சீர்திருத்தச் சபையார் எசேக்கியேல் 36:25-க்குப் போய், "சுத்தமான ஜலம் தெளிப்பேன்" என்ற வாக்குத்தத்தத்தைத்தான் இயேசு நிக்கொதேமுவுக்கு நினைவூட்டினார் என்பார்கள். இயல்பான பிரசவத்து நீர் என்பாரும் உண்டு. தீத்து 3:5-ல் நம் பழைய மொழிபெயர்ப்பு "மறுஜென்ம முழுக்கு" என்று போட்டுவிட்டது. கிரேக்கச் சொல்லின் பொருள் கழுவுதல், குளியல். இதில் ஒரு வேடிக்கை. 'முழுக்கு' என்ற சொல்லைக் கண்டு மகிழ்கிற முழுக்குச் சபைக்காரருக்கு, அதற்கு முன்னால் நிற்கும் 'மறுஜென்ம' என்ற சொல் தொல்லை, அது மறுபிறப்பைத் தண்ணீரோடு கட்டிவிடுகிறதே. லுத்தரனுக்கு நேர்மாறு.

குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்தவர்கள் முதலில் வரிசையைத்தான் மறுத்தார்கள், முறையை அல்ல. 1525 ஜனவரி 21 அன்று சூரிச் நகரில் கான்ராட் கிரேபெல், ஜார்ஜ் பிளவ்ராக்குக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது முழுக்கவில்லை, ஊற்றினார். விசுவாசம் முந்தவேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. அதற்காக 1527 ஜனவரி 5 அன்று பெலிக்ஸ் மான்ஸை லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது அதே ஊர் நகரசபை, அதுவும் சீர்திருத்தம் ஏற்ற நகரசபை.

நம் ஊரில் இது எங்கே இடிக்கிறது? சி.எஸ்.ஐ. 1947 செப்டம்பர் 27-ல் உருவானபோது ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாயின. குழந்தைக்குத் தண்ணீர், வளர்ந்தபின் திடப்படுத்தல் ஆராதனையில் தன் வாயால் அறிக்கை. பெந்தெகொஸ்தே சபையில் முதலில் இரட்சிப்பின் சாட்சி, பிறகு இடுப்பளவுத் தண்ணீர். இரண்டு இடத்திலும் தண்ணீரும் இருக்கிறது, அறிக்கையும் இருக்கிறது, முன்பின் மட்டும் மாறுகிறது. சி.எஸ்.ஐ. வாலிபர் ஒருவர் முழுக்கு எடுத்துவிட்டு வந்தால் ஆயர் அதை 'மறு ஞானஸ்நானம்' என்பார், ஒழுங்கு நடவடிக்கை வரைக்கும் போகும். பாஸ்டரோ, "மறு எங்கே வந்தது? முதலில் நடந்தது ஞானஸ்நானமே அல்லவே" என்பார். 'மறு' என்ற அந்த ஈரெழுத்தில்தான் முழு வழக்கும் இருக்கிறது. அதைத் தொடாமல் தெளிப்பா முழுக்கா என்று தண்ணீரின் அளவைப் பற்றி இரவெல்லாம் வாதாடுவது வீண். ஒருமுறை தண்ணீர் பெற்றவர்கள் மறுபடி பெற்றதாகப் புதிய ஏற்பாடு வெளிப்படையாகச் சொல்லும் இடம் எபேசு மட்டும்தான். அவர்கள் முதலில் பெற்றது யோவான்ஸ்நானனுடைய ஞானஸ்நானம். ஆகவே அந்த இடம் இரு தரப்புக்கும் முழுதாக உதவாது.

அடுத்தது கொஞ்சம் ஆழம். விசுவாசித்ததால் பிறந்தோமா, பிறந்ததால் விசுவாசித்தோமா? டச்சு இறையியலாளர் அர்மினியஸின் வழிவந்த அர்மினியன் மரபு யோவான் 1:12-ல் நிற்கும்: ஏற்றுக்கொண்டவர்கள் எத்தனைபேர்களோ அத்தனைபேர்களும் பிள்ளைகளாகும்படி அதிகாரம் பெற்றார்கள், எனவே ஏற்பது முந்தி. கால்வினிய மரபு அடுத்த வசனத்துக்கு நகரும்: மாம்ச சித்தத்தினாலும் புருஷனுடைய சித்தத்தினாலும் பிறவாமல் தேவனாலே பிறந்தவர்கள். கூடவே 1 யோவான் 5:1: "விசுவாசிக்கிற எவனும் தேவனால் பிறந்திருக்கிறான்." விசுவாசிக்கிற, நிகழ்காலம். பிறந்திருக்கிறான், முன்பே முடிந்து நிலைத்திருப்பது. இந்தக் கால வேறுபாட்டைத் தமிழ் அழகாகக் காட்டிக்கொடுக்கிறது. இறந்தவன் எழுந்த பிறகுதானே கண் திறப்பான் என்பது அவர்கள் வாதம்.

இதிலிருந்து நேராக முளைப்பதுதான் 'இரட்சிப்பை இழக்கமுடியுமா' என்ற கேள்வி. நான் விசுவாசித்ததால் பிறந்தேன் என்றால், விசுவாசத்தை விட்டால்? தேவன் பிறப்பித்ததால் விசுவாசித்தேன் என்றால், பிறந்தவன் எப்படிப் பிறவாதவன் ஆவான்? முதல் தரப்பு, ருசிபார்த்தும் மறுதலித்துப்போனவர்களைப் பற்றிய எபிரெயர் 6:4-6-ஐ வைக்கும். மறுதரப்பு, தம் ஆடுகளை ஒருவனும் தம் கையிலிருந்து பறித்துக்கொள்வதில்லை என்று இயேசு சொல்லும் யோவான் 10:28-ஐ வைக்கும். எபிரெயரில் "ருசிபார்த்தும்" என்றுதானே இருக்கிறது, நாக்கில் வைத்தவன் சாப்பிட்டவன் அல்லவே என்று சில கால்வினியர் சொல்வதுண்டு. அது நொண்டி வாதம். அதே நிருபம் 2:9-ல் இயேசு மரணத்தை ருசிபார்த்தார் என்கிறது. அவர் நாக்கில் மட்டுமா வைத்தார்? கால்வினியருக்கு உறுதியான பிடி 1 யோவான் 2:19: பிரிந்துபோனவர்கள் "நம்முடையவர்களாயிருக்கவில்லை."

பின்மாற்றமாய்ப் போன ஒரே மனிதனுக்கு மூன்று தீர்ப்பு கிடைப்பதைக் கவனியுங்கள். அர்மினியன் சபையில், அவன் இரட்சிப்பை இழந்தான், திரும்பி வரட்டும். கால்வினியச் சபையில், கடைசிவரை வராமற்போனால் அவன் தொடக்கத்திலிருந்தே பிறந்தவன் அல்ல. 'ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் என்றைக்கும்' என்று போதிக்கும் பல பாப்டிஸ்ட் சபைகளில், அவன் இரட்சிப்பு பத்திரம், 1 கொரிந்தியர் 3:15-ன்படி பலன்தான் நஷ்டம். பின்னிரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது மேடைகளில் அடிக்கடி நடக்கும் தவறு. கால்வினியர் சொல்வது கடைசிவரை நிலைத்திருத்தல். அங்கே கனியில்லாதவனுக்கு ஆறுதல் கிடையாது. மூன்றாவது தரப்பில், கூட்டத்தில் கை தூக்கி ஜெபத்தைப் பின்சொன்ன தேதியே போதுமான ஆறுதலாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

நெதர்லாந்தில் 1610-ல் அர்மினியர் ஐந்து கட்டுரைகளை முன்வைத்தார்கள். டோர்ட் நகரில் 1618 நவம்பர் முதல் 1619 மே வரை கூடிய சங்கம் அவற்றை மறுத்தது. ஆனால் 1610-ன் ஐந்தாம் கட்டுரை, விசுவாசி விழுந்துபோக முடியும் என்று அடித்துச் சொல்லவில்லை. இதை வேதத்திலிருந்து இன்னும் ஆராயவேண்டும் என்றுதான் எழுதியிருந்தது. இன்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை. 1739-ல் வெஸ்லி, இரட்சிக்கப்படுகிறவர்களைத் தேவன் முன்னமே தெரிந்துகொண்டார் என்னும் முன்குறித்தல் போதனையைத் தாக்கிப் பிரசங்கித்தார். 1740 டிசம்பரில் அவருடைய நண்பரும் கால்வினியப் பிரசங்கியாருமான ஜார்ஜ் விட்ஃபீல்டு கடிதமாகப் பதில் எழுதினார். நட்பு கசந்தது. எனினும் 1770-ல் விட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் அவருக்கு நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான். விட்ஃபீல்டு ஓயாமல் போதித்தவை என்று அவர் அதில் எடுத்துச் சொன்னவை மறுபிறப்பும், விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதலும். முன்குறித்தலை அவர் கிளறவில்லை.

ஆவியின் நிறைவுக்கு, அதாவது அபிஷேகத்துக்கு வருவோம். அப்போஸ்தலர் 19:2-ல் பவுல் கேட்கும் கேள்வி நம் வேதாகமத்தில் இப்படி: "நீங்கள் விசுவாசிகளானபோது, பரிசுத்த ஆவியைப் பெற்றீர்களா?" ஆனபோது. ஆங்கிலத்துக் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பிலோ, விசுவாசித்ததற்குப் பிறகு பெற்றீர்களா என்ற தொனி. அந்த ஆங்கில வேதத்தை வைத்துப் படித்த போதகர், இரட்சிப்புக்குப் பின் தனியாக வரும் இரண்டாம் அனுபவமாக அபிஷேகத்தைப் பிரசங்கிப்பது எளிது. தமிழ் வேதத்தை மட்டும் வைத்துப் படித்தவருக்கு அந்த இடைவெளி அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. கிரேக்க வினையெச்சம் இரண்டுக்கும் இடம் தருகிறது. இந்த ஒற்றை வசனத்தை வைத்து யாரும் வழக்கை முடிக்கமுடியாது.

1860-ல் திருநெல்வேலிச் சீமையில், பிரதரன் மிஷனெரி அந்தோனி நாரிஸ் குரோவ்ஸோடு தொடர்புடைய ஜான் கிறிஸ்தியான் அருளப்பனின் ஊழியத்தில் எழுப்புதல் உண்டானது. அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் அங்கே காணப்பட்டன. ஆனால் 'பாஷை பேசினால்தான் ஆவி வந்தது' என்ற சூத்திரம் அங்கே பிறக்கவில்லை. அது 1901 ஜனவரியில் அமெரிக்காவின் டோபீகாவில் சார்லஸ் பார்ஹாமின் வேதப்பள்ளியில் உருப்பெற்று, 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் வில்லியம் சீமோரின் கூட்டங்கள் வழியாகப் பரவியது. 1860-ல் அனுபவம், 1901-ல் வரிசை. குரோவ்ஸின் வழிவந்த பிரதரன் சபைகளில் பல இன்று பாஷை முடிந்துபோனது என்று போதிக்கின்றன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெந்தெகொஸ்தேயாருக்குள்ளும் வரிசைதான் பிரித்தது. பார்ஹாமுக்கும் சீமோருக்கும் மூன்று படி: இரட்சிப்பு, முழுப் பரிசுத்தம், ஆவியின் அபிஷேகம். 1910 வாக்கில் சிகாகோப் போதகர் வில்லியம் டர்ஹாம், சிலுவையில் எல்லாம் முடிந்தது, பரிசுத்தம் தனிப் படியல்ல, வளர்ச்சி என்றார். 1911-ல் அவர் அசூசா தெரு மேடையிலேயே அதைப் போதிக்க, சீமோர் வந்து கதவுக்குப் பூட்டுப் போட்டார். அசெம்பிளிஸ் ஆஃப் காட் இரண்டு படியோடு போனது. கிளீவ்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட சர்ச் ஆஃப் காட் மூன்று படியில் நின்றது.

கடைசிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அதுவும் வரிசையே: விசுவாசிகளை எடுத்துக்கொள்ளக் கிறிஸ்து வரும் இரகசிய வருகை முந்தியா, ஏழாண்டு உபத்திரவம் முந்தியா, அதன் நடுவில் 42 மாதத்திலா? 1830-களில் பிரதரன் போதகர் டார்பி வகுத்த ஒழுங்கு, 1909-ல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகளால் பரவியது. அடிக்குறிப்பை வசனம்போல மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம். இதற்காகச் சபையை உடைப்பது எனக்கு ஒப்பவில்லை.

சபை மாறப்போகிறவர்களும் மாற்றுச் சபையில் சம்பந்தம் பேசுகிறவர்களும் செய்யவேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சபையின் விசுவாச அறிக்கையை வாங்கி, பெயர்ச்சொற்களை விட்டுவிட்டு இணைப்புச் சொற்களை அடிக்கோடிடுங்கள். 'அதன்பின்', 'அதினால்', 'அடையாளமாக', 'அவசியமாக'. உபதேசம் அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு போதகரிடம் நேரில் கேளுங்கள். எங்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கு என்ன செய்வீர்கள்? என் முதல் ஞானஸ்நானத்தை ஏற்பீர்களா, ஏற்காவிட்டால் இராப்போஜனத்தில் எனக்குப் பங்குண்டா? பின்வாங்கி இறந்துபோனவருடைய அடக்க ஆராதனையில் என்ன சொல்வீர்கள்? அந்நியபாஷை பேசாதவர் உங்கள் சபையில் மூப்பராகலாமா? "ஆகலாம், ஆனால்" என்று பதில் தொடங்கினால், அந்த 'ஆனால்' முடியும்வரை எழுந்துவிடாதீர்கள்.