துண்டு, பேர், பணிக்கொடை: மனிதவள முகாமைத்துவம் என்ன படிப்பு?

[காட்சி: ஹட்டன் பஸ் நிலையம், காலைப் பனி]

வணக்கம். உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டு, அடுத்து எதைப் படிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இந்த வீடியோ. மனிதவள முகாமைத்துவம் படிக்கப்போகிறேன் என்றால், "நேர்முகப் பரீட்சை வைத்து ஆள் எடுக்கிற வேலைதானே?" என்று மாமா கேட்பார். அது முதல் அத்தியாயம் மட்டும்தான் மாமா.

ஆட்சேர்ப்பு என்கிற அந்த அத்தியாயத்தை நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் பெரிய கங்காணி, அதாவது தொழிலாளர்களுக்குத் தலைவராக இருந்தவர், நடத்தினார். தமிழ்நாட்டுக் கிராமங்களில் முன்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டினார். அந்தப் பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. வேறு தோட்டத்துக்கு மாற, கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். புதிய தோட்டம் அதை அடைத்தால்தான் ஆள் நகர முடியும். 1921 இல் சட்டம் இந்தத் துண்டு முறையை ஒழித்தது. ஆள் எடுக்கும் செலவு யார் தலையில் விழுகிறது என்று விரிவுரையாளர் கேட்டால், தாத்தாவின் கதையையே விடையாகச் சொல்லலாம்.

[காட்சி: கொழுந்து நிறுக்கும் தராசு]

ஊதியப் பாடத்தில் பிரெடரிக் டெய்லர் வருவார். வேலையை அளந்து, அளவை எட்டியவருக்கு உயர்ந்த வீதத்திலும் எட்டாதவருக்குத் தாழ்ந்த வீதத்திலும் கூலி கொடுக்கச் சொன்ன அமெரிக்கப் பொறியியலாளர். நமக்கு இது புதிதா என்ன? பறித்த கொழுந்து குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலைப் பதிவு, அரைப்பேர் என்றால் பாதி நாள் கூலி. ஆனால் வறட்சி மாதத்தில் செடியே துளிர்க்காதபோது கொழுந்துக்கு எங்கே போவது? இரும்பாலைக்குள் நின்று கணக்குப் போட்ட டெய்லருக்கு அந்தக் கவலை இருந்திருக்காது. பரீட்சையில் இதை எழுதுங்கள். மனப்பாட விடைகளுக்கு நடுவே தனியாகத் தெரியும்.

பலர் சலித்துக்கொள்ளும் பகுதி தொழிற்சட்டம். எனக்கு அதுதான் பிடித்தது, கணக்குப் போட்டுப் பார்த்தால் யாருடைய பணம் என்று உடனே தெரிந்துவிடும். மாதச் சம்பளம் 30,000 ரூபாய் என்று வையுங்கள். ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியத்துக்கு ஊழியரிடமிருந்து 8 வீதம், 2,400. முதலாளி தன் பங்காக 12 வீதம், 3,600. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு இன்னும் 3 வீதம், 900. இதுவும் முதலாளியே கட்ட வேண்டியது, சம்பளத்தில் கழிக்கக் கூடாது.

பணிக்கொடை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது முதலாளி கொடுக்கும் மொத்தத் தொகை, 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தில் வருகிறது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்திருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரைமாதச் சம்பளம். நாட்கூலியாளருக்கு 14 நாள் கூலி. 20 வருடம் கொழுந்து பறித்தவரின் கடைசி நாட்கூலி 1,000 ரூபாய் என்றால், 14 பெருக்கல் 20 பெருக்கல் 1,000: 2,80,000 ரூபாய்.

எங்கே படிப்பது? ஸ்ரீ ஜயவர்தனபுர, களனிப் பல்கலைக்கழகங்களில் இதற்கெனப் பட்டங்கள் உள்ளன. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் பட்டய ஆளணி முகாமைத்துவ நிறுவனத்தின் பாடநெறிகளைப் பார்க்கலாம். பெரும்பாலும் ஆங்கில மொழிமூலம் என்பதால், முதல் ஆறு மாதம் மூச்சு முட்டும். சொற்களுக்கு ஒரு தனிக் கொப்பி போடுங்கள்.

வீட்டில் அம்மாவின் பழைய சம்பளச் சிட்டை இருந்தால் எடுத்து வையுங்கள். அடுத்த பகுதியில் அதிலுள்ள கழிவுகளை வரிவரியாகப் பார்ப்போம்.