ஏர்கானில் காற்று வரவில்லையா? மோட்டாரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

[காட்சி: காரின் உள்ளே. விசிறிக் குமிழ் 1, 2, 3 எனத் திரும்புகிறது. சத்தமே இல்லை. 4-இல் வைத்ததும் ‘ஹோ’வென்று காற்று.]

பார்த்தீர்களா? ஒன்று, இரண்டு, மூன்று, எதிலும் மூச்சே இல்லை. நாலில் மட்டும் புயல். இது என் கார்தான், 2009-இல் பதிவானது, பத்து வருஷம் முடிந்ததும் சிஓஇ-யை (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்கவேண்டிய உரிமைச் சான்றிதழ்) இன்னொரு பத்து வருஷத்துக்குப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் தூக்கிப் போடும் பேச்சுக்கே இடமில்லை. போன மாதம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். குமிழைக்கூடத் திருப்பிப் பார்க்காமல், “புளோயர் மோட்டார் போச்சு, மாத்தணும், 350 வெள்ளி” என்றார்கள். நாலாவது வேகத்தில் மோட்டார் பறக்கிறதே, அப்புறம் எப்படி அது போயிருக்கும்?

புளோயர் என்பது காற்றைத் தள்ளும் விசிறி. உதிரிபாகப் பட்டியலில் இதற்கு ‘ஹீட்டர் புளோயர்’ என்றுகூடப் பேர் இருக்கலாம், குழம்ப வேண்டாம். சிங்கப்பூரில் ஹீட்டரை யார் போடுகிறார்கள்! ஆனால் சூடோ குளிரோ, காற்றைத் தள்ளுவது ஒரே விசிறிதான். இங்கே அது சாவியைத் திருப்பியதிலிருந்து இறங்கும்வரை ஓயாமல் சுற்றுகிறது.

விசிறி சுற்றும் சத்தம் நன்றாகக் கேட்கிறது, காற்று மட்டும் வரவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில். முதலில் காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை உருவிப் பாருங்கள். அதுவும் சுத்தமாக இருந்தால் உள்ளே குளிர்சுருளில் பனி கட்டியிருக்கலாம்.

சரி, குமிழுக்கு வருவோம்.

[காட்சி: கையில் பழைய ரெசிஸ்டர். கம்பிச்சுருள் ஒன்று அறுந்து தொங்குகிறது.]

என் காரில் செத்தது இதுதான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். குறைந்த வேகத்தில் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை இந்தக் கம்பிச்சுருள்கள் வழியில் மறிக்கின்றன, மறித்ததெல்லாம் சூடாகிறது, அந்தச் சூடு தணியத்தான் இதைக் காற்றுப் பாதைக்குள்ளேயே பொருத்தியிருக்கிறார்கள். நாலாவது வேகத்தில் மின்சாரம் இதைத் தொடாமல் நேராகப் போய்விடும். அதனால்தான் சுருள் அறுந்தும் நாலு மட்டும் வேலை செய்தது. குமிழ் உள்ள பழைய கார்களுக்கு இந்தக் கணக்கு. வெப்பநிலையை எண்ணாகக் காட்டும் ஆட்டோ ஏர்கான் என்றால் பெரும்பாலும் ரெசிஸ்டருக்குப் பதில் டிரான்சிஸ்டர் இருக்கும், அது போனால் ஒன்று விசிறி சுற்றாது, இல்லையென்றால் முழு வேகத்திலேயே நின்றுவிடும்.

நாலு வேகமும் செத்துவிட்டால்? முதலில் ஃபியூஸ். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் புதியது போடுங்கள். அதுவும் உடனே எரிகிறதா, மோட்டார் இறுகியிருக்கிறது அல்லது ஒயர் எங்கோ உரசுகிறது. அந்த நேரத்தில் பெரிய ஃபியூஸாகப் போட்டுப் பார்க்கும் வீரம் வேண்டவே வேண்டாம், அப்புறம் ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால், விசிறியை நாலில் வைத்துவிட்டு, கிளவ்பாக்ஸுக்குக் கீழே மோட்டாரின் அடிப்பக்கத்தை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். திடுக்கென்று சுற்றினால் உள்ளே, சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. ஒரு வாரமோ ஒரு மாதமோ ஓடும், அவ்வளவுதான்.

தட்டியும் எழவில்லையா? மல்டிமீட்டரை எடுங்கள். பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான், நானும் சறுக்கியிருக்கிறேன். மோட்டாருக்குப் போகும் ஒயரின் கனெக்டரைக் கழற்றி அதன் இரண்டு முள்ளிலும் மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும், உடனே “கரண்ட் வருது, மோட்டார்தான் போச்சு” என்று முடிவுகட்டிவிடுவோம். கல்யாணப் பந்தியில் ஆள் உட்காரும் முன்னால் எல்லா அண்டாவும் நிறைந்தது போலத்தான் இருக்கும், பரிமாற ஆரம்பித்தால்தானே தெரியும்! முள் கருகியிருந்தாலும் மீட்டருக்கு வேண்டிய துளி மின்சாரம் போய்விடும், மோட்டாருக்கு வேண்டிய பத்துப் பதினைந்து ஆம்பியர் போகாது. ஆகவே கனெக்டரை மாட்டியபடியே, பின்னால் ஒயர் நுழையும் இடத்தில் மெல்லிய ஊசியைச் செருகி, விசிறியை நாலில் போட்டு அளங்கள். 12-க்குப் பக்கத்தில் நின்றும், முள்ளும் கருகாமல் இருந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் மோட்டார் காலி. நாலைந்து வோல்டுக்கு விழுந்தால், கனெக்டர், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), எர்த் ஒயர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டு முள்ளுக்கும் நடுவில் அளப்பது முக்கியம், ஏனென்றால் சில கார்களில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும், பாடியில் ஒரு முனையை வைத்து அளந்தால் தலை சுற்றும்.

ஒரு எச்சரிக்கை. கிளவ்பாக்ஸைக் கழற்றினால் மஞ்சள் நிறக் கனெக்டர்கள் கண்ணில் படும். அது ஏர்பேக் ஒயர். தொடாதீர்கள்.

[காட்சி: மோட்டாரின் 3 ஸ்க்ரூவும் கழன்று, விசிறி கீழே இறங்குகிறது. உள்ளிருந்து காய்ந்த சின்னச் சின்ன இலைகள் கொட்டுகின்றன.]

ரெசிஸ்டர் மட்டும்தான் போயிருந்தது, அதை மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அது ஏன் எரிந்தது என்று பார்க்காமல் மாற்றினால் புதியதும் சீக்கிரம் எரியக்கூடும். மோட்டார் இறுகினால் அதிக மின்சாரம் இழுக்கும், அந்தச் சூடெல்லாம் ரெசிஸ்டர் தலையில்தான் விடியும். எங்கள் புளோக்குக்குக் கீழே திறந்தவெளி கார்ப்பார்க், மேலே தூங்குமூஞ்சி மரம். அதன் பொடி இலைகள் கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடை வழியாக இறங்கி, விசிறிக் கூட்டுக்குள் ஒரு கைப்பிடி சேர்ந்திருந்தன. வெறும் கையால் சுற்றினால் ‘சரசர’வென்று உரசியது. பிரஷ்ஷால் தட்டிக் கொட்டியதும் லேசாகச் சுற்றியது.

பிறகு ஒயரைக் கவ்விப் பிடித்து மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்து அளந்தேன், முழு வேகத்தில் 17 ஆம்பியர், ஃபியூஸ் 30. 25-ஐத் தொட்டிருந்தால் மோட்டாரையும் மாற்றியிருப்பேன். மீட்டர் டிசி (காரில் ஓடும் நேர்மின்சாரம்) அளக்கக்கூடியதா என்று பார்த்து வாங்குங்கள், மலிவானவற்றில் பலவும் ஏசி (வீட்டில் வரும் மாறுமின்சாரம்) மட்டும்தான் அளக்கும்.

கடைக்குப் போகும்போது பழைய ரெசிஸ்டரைக் கையோடு கொண்டு போங்கள், ஒரே மாடலுக்குக்கூட முள் வேறுபடலாம். கனெக்டர் பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருந்தால் அதையும் சேர்த்து வாங்குங்கள்.

[காட்சி: புது ரெசிஸ்டர், 2 ஸ்க்ரூ. கிளவ்பாக்ஸ் திரும்ப மாட்டப்படுகிறது. குமிழ் 1-க்குத் திரும்புகிறது.]

ஒன்று. காது வைத்துக் கேளுங்கள், மெல்ல ஒரு ‘உஸ்’. இரண்டு. மூன்று. நாலுக்குப் போகவே இல்லை, குளிர்கிறது.