'விசாரணை' நாவலில் சட்டம் எங்கே இருக்கிறது?

[திரையில்: ஃப்ரான்ஸ் காஃப்காவின் படம். 'விசாரணை' வெளியான ஆண்டு: 1925.]

காஃப்கா எழுதி, அவர் இறந்த மறுவருடம் வெளிவந்த 'விசாரணை'யைப் பலர் பாதியில் மூடிவைப்பதற்கு ஒரே கேள்விதான் காரணம். நாவலின் நாயகன் யோசஃப் கா. அப்படி என்ன குற்றம் செய்தான்?

வங்கியில் பெரிய பதவி. முப்பதாவது பிறந்தநாள் காலையில் கைது. ஆனால் வேலைக்குப் போகத் தடையில்லை! குற்றம் என்னவென்று கடைசிப் பக்கம்வரை யாரும் சொல்வதில்லை. அதைத் தேடுவதை விட்டுவிட்டு, அந்த நீதிமன்றம் நடக்கும் விதத்தைக் கவனியுங்கள்.

முதல் விசாரணை ஒரு ஞாயிற்றுக்கிழமை. எத்தனை மணிக்கு என்று அவனிடம் சொல்லவே இல்லை. போனால், 1 மணி நேரம் 5 நிமிடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்கிறார் நீதிபதி. அடுத்த கேள்வி: "நீங்கள் பெயிண்டர்தானே?"

சிரிப்பு வருகிறதா? தாராளமாகச் சிரியுங்கள். முதல் அத்தியாயத்தை நண்பர்களுக்கு வாசித்துக் காட்டியபோது காஃப்காவே சிரித்துச் சிரித்து வாசிக்க முடியாமல் போனார் என்று அவருடைய நண்பரும் இந்த நாவலை வெளியிட்டவருமான மாக்ஸ் பிரோட் எழுதியிருக்கிறார்.

[திரையில்: மாடியறை, ஓவியச் சட்டகங்கள்]

சரி, சட்டம் எங்கே விளங்குகிறது? நீதிபதிகளைப் படம் வரையும் டிட்டோரெல்லியின் அறையில். விடுதலை மூன்று வகை என்கிறான் அவன். முழு விடுதலை: பழங்கதைகளில் உண்டு, அவன் பார்த்ததில்லை. தோற்ற விடுதலை: நீதிபதிகளிடம் கையெழுத்து வாங்கி வெளியே வந்துவிடலாம். ஆனால் கோப்பு அழியாது, மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். என்றோ ஒரு நீதிபதி அதைப் புரட்டினால் மறுபடி கைது. மூன்றாவது இழுத்தடிப்பு. அவ்வப்போது நீதிபதியைப் போய்ப் பார்த்து, வழக்கை ஆரம்பக் கட்டத்திலேயே வைத்திருப்பது. பின்னவை இரண்டும் தண்டனையைத் தடுக்கும், முழு விடுதலையையும் சேர்த்தே தடுக்கும்.

எனக்கு நாவலிலேயே தெளிவான பகுதி இதுதான். காஃப்கா சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர், தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கோப்பு நகரும் விதம் அவருக்கு அத்துபடி.

அப்புறம் இன்னொரு குழப்பம். கா. கொல்லப்படுகிறான், ஆனால் தீர்ப்பு வாசிக்கும் காட்சியே இல்லை. நாவல் முடிக்கப்படாதது, அத்தியாய வரிசையும் பிரோட் அமைத்ததுதான். ஆனாலும் தேவாலயத்தில் பாதிரியார் முன்பே சொல்லிவிடுகிறார்: தீர்ப்பு திடீரென்று வருவதில்லை, விசாரணையே கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ப்பாக மாறிவிடும்.